தூங்கிவிட்டாராம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டைக்காரன். இன்ஜினியரிங் படிக்கிறேன். விமானம் என்றால் உயிர். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், ஏடிஆர் என்கிற சின்ன விமானம் இறங்குவதைப் படம்பிடிக்கவே ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் ஜேஜு ஏர் விமானம் சக்கரம் இறங்காமலே தரையிறங்கி வெடித்த வீடியோ வந்ததும் எங்கள் வாட்ஸப் குழு தூங்கவில்லை. பைலட் சக்கரத்தை இறக்க மறந்துவிட்டார், பதறிவிட்டார் என்று ஆளுக்கொன்று சொன்னோம். ஒருவர் மட்டும் "செத்தவங்கள இன்னும் அடக்கம்கூடப் பண்ணல, சும்மா இருங்கடே" என்றார். அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். விபத்தை இத்தனை ஆர்வமாகப் பார்ப்பது தவறா? இப்போது விமானத்தில் ஏறவும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பயத்தை விடு. நாலுவழிச்சாலையில் பைக் ஓட்டுகிற உனக்கு விமானத்தில் என்ன பயம்? ஆர்வமும் தவறில்லை.

என்னைத் தைத்தது அந்த 'மறந்துவிட்டார்'தான். போன வாரம் மாமா இறந்த வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன்.

மாமா பஸ் டிரைவர். நான் பள்ளிக்கூடம் படிக்கையில், விடியற்காலையில் பாபநாசம் போன அவருடைய வண்டி வீரவநல்லூர் தாண்டி வயலுக்குள் இறங்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. சிலருக்குக் கை கால் முறிவு. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: "தூங்கிட்டாராம்." விசாரணையில் ஸ்டியரிங் ராடு உடைந்திருந்தது தெரிந்து, அவர் மேல் குற்றமில்லை என்று தாள் கொடுத்தார்கள். அதை பாலித்தீன் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் கையில் தந்து, "மருமவனே, சத்தமா வாசி" என்பார். நான் வாசித்து முடித்ததும் வந்தவர், "சரி, அத விடும்வே" என்று பேச்சை மாற்றிவிடுவார். மகள் கல்யாணத்தில் ஒருவர் "மாப்ள, பந்தியில தூங்கிராதியும்" என்று சொல்ல, வரிசையே சிரித்தது. மாமா பாதி இலையில் எழுந்து போனார். போன வாரம் துஷ்டி வீட்டு வாசலிலும் நாற்காலி போட்டு அதே கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரூவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 உனக்குத் தெரிந்திருக்கும். இறங்கக் கொஞ்ச தூரமே இருக்கையில் இரண்டு என்ஜின்களும் வேகம் கொடுக்கவில்லை. ஓடுதளத்துக்கு முன்னாலேயே புல்தரையில் விழுந்தது. 152 பேரும் பிழைத்தார்கள். அப்படியும் கேப்டன் பீட்டர் பர்க்கில் கைகால் ஓடாமல் உட்கார்ந்துவிட்டார் என்று கூட வேலை பார்த்தவர்களே பேசினார்கள். எரிபொருள் குழாயில் படிந்த ஐஸ் மொத்தமாகப் பெயர்ந்து வந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்துக்கொண்டது என்று முழு அறிக்கை சொன்னது 2010இல். அந்தக் கடைசி நொடிகளில் கேப்டன் ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்பக்கம் கீழே நீளும் தகட்டை, கொஞ்சம் குறைத்ததால்தான் விமானம் ஏறக்குறைய 50 மீட்டர் கூடுதலாக வந்து விமானம் இறங்க வழிகாட்டும் ஆண்டெனா வரிசையில் மோதாமல் தப்பியது என்பதும் அதில் இருக்கிறது. இரண்டு வருஷம் அந்த மனிதர் எந்த முகத்தோடு கடைக்குப் போயிருப்பார்?

பைலட் மேல் தப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. 2010இல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில் கேப்டன் தூங்கியது உண்மைதான். விமானி அறை ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தம் இருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்கள். நீங்கள் எதைக் கேட்டீர்கள்? முவானில் இரண்டு கறுப்புப் பெட்டிகளுமே மோதலுக்கு நாலு நிமிஷம் முன்பே நின்றுபோயிருந்தன. இரண்டு என்ஜின்களிலும் பறவை இறகு கிடைத்தது. ஓடுதள முனைக்கு அப்பால் ஆண்டெனாவைத் தாங்க கான்கிரீட் வைத்து மண்மேடு கட்டியிருந்தார்கள். விமானம் மோதி வெடித்தது அதில்தான். 179 பேர் போய்விட்டார்கள். அந்த மேட்டை அங்கே யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருத்தனாவது கேட்டானா? இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் வரவேண்டிய கேள்வி அதல்லவா! செத்துப்போன பைலட்டுக்கு வாயில்லை. எடுத்துக் காட்ட ஒரு தாளும் இல்லை.

படம் எடு, வாகைக்குளத்துக்குப் போ, ஆசை தீரப் பார். ஆனால் நீக்கிய அந்த ஆளை இன்றைக்கே குழுவில் திரும்பச் சேர்த்து, எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேளுங்கள். ஹீத்ரூ அறிக்கை இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. நீளமானதுதான். முழுக்கப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணாச்சி