அடுத்த வீட்டுப் புகை

கேள்வி: 2015 புகைமூட்டத்தில் பள்ளிகளை மூடினார்கள், என் சின்ன மகனுக்கு ராத்திரியெல்லாம் நெபுலைசர் வைத்தோம். நெருப்பு இந்தோனேசியாவின் சுமத்ராவில், மூச்சுத்திணறல் எங்களுக்கு. இந்தப் புகையைத் தடுக்க ஆசியான் (தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு) நாடுகள் ஒப்பந்தம் போட்டார்களே, அது என்னதான் ஆயிற்று? (வாசகி, கிள்ளான், மலேசியா)

பதில்: போட்டார்கள், அம்மா. 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. ஆனால் நெருப்பு எரிகிற இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014-இல்தான். அதிலும் மீறினால் தண்டனை என்று எதுவும் கிடையாது, அடுத்த நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது ஆசியானின் பழைய வழக்கம். நீங்கள் சொல்லும் 2015-இல் இந்தோனேசியாவில் எரிந்தது 26 லட்சம் ஹெக்டேர், நஷ்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. அக்டோபரில் சிங்கப்பூரும் மலேசியாவும் விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் அனுப்பின, ஆனால் அதற்குள் நெருப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

அந்த மண்ணைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் புரியும். பீட் என்கிற அந்த மண் ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்காமல் கிடக்கிற இலையும் வேரும் மரக்கட்டையும்தான், ஈரமாக இருக்கிற வரை பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். செம்பனை (பாமாயில் மரம்) போடவும் காகிதக் கூழுக்கு மரம் வளர்க்கவும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால், நிலம் விறகாகிவிடுகிறது. மேலே தழல் தெரியாது, கீழே கனன்றுகொண்டே இருக்கும், தரையில் அங்கங்கே புகை மட்டும் கசியும். வானத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் அடிவரை போகாது, கடைசியில் மழைதான் அணைக்க வேண்டும்.

அதனால் நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை மழைக்காலத்தில் இருக்கிறது. கால்வாய்களை அடைத்து நிலத்தடி நீர் தரைமட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காமல் பார்ப்பது (இது இந்தோனேசியச் சட்டத்திலேயே இருக்கிறது), தீ வைக்காமல் பிழைக்க விவசாயிக்கு வழி செய்வது. 2007-இல் சிங்கப்பூரும் சுமத்ராவின் ஜாம்பி மாநிலமும் கைகோத்து முவாரோ ஜாம்பி மாவட்டத்தில் விவசாயிகளுக்கு மீன் வளர்ப்புகூடச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல வேலை, ஆனால் சில வருடங்களில் முடிந்துவிட்டது. 2019 செப்டம்பரில் பட்டப்பகலில் வானம் ரத்தச் சிவப்பாக மாறிய படங்களைப் பார்த்திருப்பீர்களே, அதே மாவட்டம்தான்!

கேள்வி: அப்படியானால் இந்தோனேசியாவைத்தானே குற்றம் சொல்ல வேண்டும்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே தோட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளில் மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளுடையதும் உண்டு. உங்கள் ஊர் 2014-இல் கொண்டுவந்த சட்டம் சரியான இடத்தில்தான் கைவைத்தது: எந்த நாட்டு நிலத்தில் தீ வைத்து சிங்கப்பூருக்குப் புகை வந்தாலும் அந்தக் கம்பெனிக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். ஆனால் எந்த நிலம் யாருடையது என்ற வரைபடத்தை இந்தோனேசியா கொடுத்தால்தானே வழக்கு நிற்கும்? என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தில் முதலில் சேர வேண்டியது அந்த வரைபடம்தான். அப்புறம் ஒன்று, அந்தப் புகையை முதலில் குடிப்பது இந்தோனேசியாவின் ரியாவ், ஜாம்பி, மத்திய கலிமந்தான் மாநிலக் குழந்தைகள். உங்கள் வீட்டுக்கு வருவது மிச்சம்.