ஏபி மனிதப் புவியியலைத் தனியாகப் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ஏபி (Advanced Placement) என்பது அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு. பள்ளி வகுப்பு இல்லாமல் அதில் மனிதப் புவியியல் தேர்வை எழுதப் போகிறீர்கள். தடித்த பாடநூலா, மெலிந்த வழிகாட்டியா என்று கேட்கிறீர்கள். காசு செலவழிப்பதற்கு முன்னால் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்திட்ட ஆவணத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஏழு அலகுகளும், எந்த அலகுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதும் அதிலேயே இருக்கின்றன.

அப்புறம் ஒரே ஒரு வழிகாட்டி போதும். பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் உள்ளே புரட்டிப் பாருங்கள். கொள்குறி வினாக்கள் 75 என்று இருந்தால் அது பழைய முறை, வேண்டாம். இப்போது 60 நிமிடத்தில் 60 வினாக்கள். தடித்த பாடநூலை நூலகத்தில் எடுத்து, புரியாத இடங்களுக்கு மட்டும் பாருங்கள்.

மதிப்பெண்ணில் பாதி, 75 நிமிடத்தில் எழுதும் மூன்று விரிவான விடைகளுக்குப் போகிறது. தனியாகப் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முந்தைய ஆண்டு வினாக்களும் திருத்தும் குறிப்புகளும் அதே தளத்தில் இருக்கின்றன; எந்த விலை கொடுத்த புத்தகத்தையும்விட இவை மேல். உதாரணமாக, நகரத்தைச் சுற்றி எந்த விவசாயம் எங்கே அமையும் என்பதற்கு ஜெர்மானியப் பொருளியலாளர் வான் தூனன் 1826-இல் முன்வைத்த மாதிரியில் (model) பால் பண்ணை ஏன் நகரத்தை ஒட்டி வருகிறது என்று விளக்கச் சொன்னால், ‘நகரத்துக்குப் பக்கம்’ என்று நிறுத்தக் கூடாது. பால் சீக்கிரம் கெடும், அதனால் சந்தைக்கு விரைவாகப் போக வேண்டும் என்று காரணத்தையும் எழுத வேண்டும். நீங்களே எழுதி, குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

தேர்வு மே மாதம் என்றாலும் பதிவு இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். தேர்வு நடத்தும் பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.