மறு: ஜாக்கோமெட்டி லித்தோ, கையெழுத்து இல்லை, நடுவில் மடிப்பு. அசலா?

சுவிஸ் சிற்பி ஜாக்கோமெட்டியின் லித்தோவை, அதாவது கல்லச்சுப் படத்தை, மடிப்பையும் கையெழுத்து இல்லாததையும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாரிஸின் மாக் கலைக்கூடம் 1946 முதல் 1982 வரை வெளியிட்ட ‘டெரியேர் ல மிருவார்’ இதழில் வந்த லித்தோக்கள் அப்படித்தான் இருக்கும். பக்கம் சுமார் 38 × 28 செ.மீ.; இரட்டைப் பக்கம் என்றால் அகலம் 56, நடுவில் மடிப்பு. பின்பக்கம் எழுத்து அச்சாகியிருப்பதும் குறையில்லை.

சட்டத்திலிருந்து கழற்றுங்கள், கண்ணாடி வழியே எதுவும் பிடிபடாது. 10 மடங்கு லென்ஸில் படத்திலுள்ள ஒல்லி உருவத்தின் கழுத்துக் கோட்டைப் பாருங்கள். கிரேயான் கோடு ஒழுங்கற்ற துகள்களாக உடைந்தால் நல்ல அறிகுறி. வரிசை பிடித்த புள்ளிகள் என்றால் ஆஃப்செட் நகல், அதாவது படம்பிடித்து இயந்திரத்தில் அடித்தது. புள்ளியே இல்லையென்றாலும் உடனே நம்பிவிட வேண்டாம். வெறும் கோட்டுப்படத்தைப் புள்ளியில்லாமலும் ஆஃப்செட்டில் அடிக்கலாம். அப்போது அளவையும் தாளையும் முழு இதழ் ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

இதழ்த்தாளில் பென்சில் கையெழுத்து இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகமே வந்திருக்கும்.