கார்டை மாற்றும் முன் ஒரு சோதனை

ஆர்டிஎக்ஸ் 4060 கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு போட்டும், சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் பல பாகங்கள் சேர்ந்த பெரிய அசெம்ப்ளியைச் சுழற்றினால் திக்குகிறது, தொழில்முறை கார்டு வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் காசை இறைக்காதீர்கள்.

முதலில் 'ஷேடட் வித் எட்ஜஸ்' பார்வையில் சுழற்றிப் பாருங்கள். அப்புறம் விளிம்புக் கோடுகளை அணைத்து, வெறும் 'ஷேடட்' வைத்துச் சுழற்றுங்கள். இரண்டாவதில் சட்டென்று இலகுவாகிவிட்டால் சிக்கல் கோடு வரைவதில்தான். விளையாட்டுகளுக்கு இப்படிக் கோடு வரையும் வேலையே கிட்டத்தட்டக் கிடையாது. சாலிட்வொர்க்ஸ் போன்ற கேட் (CAD) மென்பொருளோ ஆயிரக்கணக்கான கோடுகளை ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகம் வழியே வரைகிறது. அதற்கான மெருகு தொழில்முறை கார்டுகளின் டிரைவரில்தான் இருக்கிறது. இரண்டு வகைக் கார்டிலும் சிப் பெரும்பாலும் ஒரே குடும்பம். கடுப்பாகத்தான் இருக்கும், என்ன செய்வது!

இரண்டிலும் ஒரே திக்கல் என்றால், திறந்திருக்கும் ஃபைல்களை எல்லாம் மூடிவிட்டு சிஸ்டம் ஆப்ஷன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். 'யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை உங்கள் கார்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கும். லேப்டாப் என்றால், விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் சாலிட்வொர்க்ஸுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்விடியாவின் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவர் போடுவதும் நல்லது, ஆனால் அதில் பெரிய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ரீபில்ட் (மாற்றம் செய்தபின் மாடலை மறுபடி கணக்கிடுவது) ஆக நேரமாவதுதான் தொல்லை என்றால் அது கார்டின் வேலையே இல்லை. பெரும்பகுதி பிராசஸரின் ஒரே கோரில் ஓடுகிறது.

பொருளை நிஜம்போலக் காட்டும் ரியல்வியூ வசதி மட்டும் உங்கள் 4060 போன்ற ஜிஃபோர்ஸ் கார்டுகளில் அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. அது கட்டாயம் வேண்டுமென்றால், சான்றளிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலில் உள்ள பழைய குவாட்ரோ (என்விடியாவின் தொழில்முறை கார்டு) ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடலாம்.