மேனேஜர் லாகின் மட்டும் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம், சாயப்பட்டறை பெருந்துறை சிப்காட்டில் இருக்கிறது. இரண்டு இடத்து லாட் கணக்கும் பேசிக்கொள்ள, சி மொழியில் ஜிஎஸ்எஸ்-ஏபிஐ (லாகின் சரிபார்ப்புக்கும் செய்திப் பாதுகாப்புக்கும் உள்ள ஃபங்ஷன் தொகுப்பு) வைத்து ஒரு கிளையன்ட்டும் சர்வரும் எழுதியிருக்கிறேன். இரண்டுமே லினக்ஸ், லாகின் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியில் (ஆட்களின் கணக்குகளை வைத்திருக்கும் சேவை). டேட்டா என்ட்ரி பசங்க நுழைந்தால் வேலை செய்கிறது. மேனேஜர் நுழைந்தால் சர்வர் 'டிஃபெக்டிவ் டோக்கன்' என்கிறது. ஒரே புரோகிராம்தானுங்க, ஆள் மாறினால் ஏன் மாறுது? சர்வரின் மெமரியும் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகிறது. லாகினை ஒரு பிராசஸ் சரிபார்த்து, வேலையை இன்னொரு பிராசஸிடம் ஒப்படைக்க முடியுமா?

பதில்: உங்கள் புரோகிராமில் டோக்கனை (ஆள் யார் என்று நிரூபிக்க இரு முனையும் பரிமாறும் தகவல் துண்டு) வாங்கும் இடம் இப்படி இருக்கிறது: 2048 பைட் பஃபர், ஒரே ஒரு ரிசீவ், வந்ததை அப்படியே சர்வர் பக்கம் லாகினைச் சரிபார்க்கும் அக்செப்ட் செக் கான்டெக்ஸ்டுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். கோளாறு அங்கேதான். (ஃபங்ஷன் பெயர்களின் முன்னால் வரும் ஜிஎஸ்எஸ் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

பலர் இந்த ஏபிஐயே நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பைட்டைக்கூட அனுப்பாது. சரக்கைக் கட்டித் தருவதோடு அதன் வேலை முடிந்தது, லாரி பிடிப்பது நாம்தான். டோக்கன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மறுமுனைக்குச் சொல்வதும் நம் பொறுப்பு. டிசிபி அதைச் சொல்லாது. அதற்கு எல்லாமே ஒரே பைட் ஓட்டம். ஒரு சென்டில் போனது இரண்டு மூன்று ரிசீவில் வரலாம். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்குள் அடங்குவது 1460 பைட் அளவுதான், விபிஎன் வழியே போனால் அதற்கும் குறைவு.

சரி, மேனேஜருக்கு மட்டும் ஏன்? ஆக்டிவ் டைரக்டரி ஆளைச் சரிபார்க்கும் முறை கெர்பெரோஸ்; அது தரும் டிக்கெட்டுக்குள் அந்த ஆள் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியலும் சேர்ந்தே வரும். என்ட்ரி போடும் பையன் இரண்டு மூன்று குரூப்பில் இருப்பான். மேனேஜரை அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், கொள்முதல் என்று ஆளுக்கொரு குரூப்பில் சேர்த்து வைத்திருப்பார்கள். டிக்கெட் பருக்கும், டோக்கனும் பருக்கும், உங்கள் 2048-ல் அடங்காது. வெறும் பஃபரை மட்டும் பெரிதாக்கினால் ஆபீஸ் லேனில் பெரும்பாலும் ஓடிவிடும், பெருந்துறைக்குப் போகும் விபிஎன்னில் எப்போதாவது அறும். அந்த மாதிரி பிழையைப் பிடிப்பதுதான் பெரிய தலைவலி, அதனால் ஒரேயடியாகச் சரி செய்யுங்கள்.

ஒவ்வொரு டோக்கனுக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில், நெட்வொர்க் பைட் வரிசையில் அனுப்புங்கள். வாங்கும் பக்கம் முதலில் அந்த 4 பைட்டும் முழுதாக வரும்வரை படிக்கட்டும், அப்புறம் சொன்ன நீளம் நிறையும்வரை படிக்கட்டும். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு அவசியம். யாரென்றே இன்னும் தெரியாத ஆள் அனுப்பிய எண்ணை நம்பி மெமரி ஒதுக்கக் கூடாது. 64 கேபி போதும். விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் டோக்கனுக்கு அவர்கள் வைத்திருக்கும் இயல்பு வரம்பே 48,000 பைட்தான்.

அடுத்தது, டோக்கன்கள் போய்வரும் லூப். கிளையன்ட் பக்கத்து இனிட் செக் கான்டெக்ஸ்டை முதல் முறை 'நோ கான்டெக்ஸ்ட்' கொடுத்துக் கூப்பிடுங்கள்; அடுத்தடுத்த முறைகளில் அது தந்த அதே ஹேண்டிலைக் கொடுங்கள். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ஸ்டேட்டஸ் என்னவாக இருந்தாலும், வெளி டோக்கனின் நீளம் பூஜ்யமில்லை என்றால் அனுப்பிவிட வேண்டும். 'கன்டினியூ நீடட்' என்றால் மறுமுனை டோக்கனுக்குக் காத்திருங்கள். மியூச்சுவல் (சர்வரும் தன்னை நிரூபிக்க வேண்டும்) கேட்டால் கெர்பெரோஸில் சர்வரின் அக்செப்ட் முதல் தடவையிலேயே 'கம்ப்ளீட்' சொல்லும், கூடவே ஒரு டோக்கனும் தரும். முடிந்துவிட்டது என்று அதை அனுப்பாமல் விட்டால் கிளையன்ட் காலகாலத்துக்கும் காத்துக் கிடக்கும். இத்தனை சுற்று என்று எண்ணியும் எழுதாதீர்கள், எந்த லாகின் முறை என்று இரு முனையும் பேசி முடிவு செய்யும் ஸ்ப்னேகோ நடுவில் வந்தால் சுற்று கூடலாம். சி மொழிக்கான விவரங்கள் 2000-ல் வந்த இணைய ஆவணமான ஆர்எஃப்சி 2744-ல் இருக்கின்றன. இந்த லூப்பின் மாதிரியும் அதிலேயே உண்டு, படித்துப் பாருங்கள்.

கம்ப்ளீட் ஆனதும் திரும்பி வந்த ஃபிளாக்குகளைப் பார்க்க வேண்டும். மியூச்சுவல் கேட்டோம் என்பதால் கிடைத்துவிட்டது என்று ஆகாது. அதேபோல செய்தியைப் பாதுகாப்பாகக் கட்டும் ராப்பில் ரகசியம் வேண்டும் என்று கேட்டாலும், உண்மையில் மறைத்ததா என்பதை 'கான்ஃப் ஸ்டேட்' தான் சொல்லும்.

கட்டியதைப் பிரிக்கும் அன்ராப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே வந்த செய்தியே மறுபடி வந்தால் 'டூப்ளிகேட் டோக்கன்' என்பது கூடுதல் தகவல் பிட்டாகத்தான் வரும். ஜிஎஸ்எஸ் எரர் மேக்ரோவால் மட்டும் சோதித்தால் அது கண்ணில் படாது, ஒரே லாட்டுக்கு இரண்டு பில் விழும். ஸ்டேட்டஸ் சரியாக கம்ப்ளீட்தானா என்று ஒப்பிடுங்கள். நீங்களே ரீட்ரை செய்து புதிதாக ராப் பண்ணி அனுப்பினால் இதுவும் பிடிக்காது, லாட் பதிவுக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி விஷயம் எளிது. ஏபிஐ தந்த டோக்கன்களை ரிலீஸ் பஃபரால் விடுவிக்க வேண்டும், அக்செப்ட் தந்த கிளையன்ட் பெயரை ரிலீஸ் நேமால். கனெக்‌ஷன் முடிந்ததும், பாதியில் பிழையானாலும், டிலீட் செக் கான்டெக்ஸ்ட். நீங்கள் மாலாக் செய்து வாங்கிய உள் டோக்கனை மட்டும் ஃப்ரீ. உங்கள் புரோகிராமில் பிழை வந்து வெளியேறும் வழிகளில் இவை எதுவுமே இல்லை.

இன்னொரு பிராசஸுக்கு ஒப்படைக்கலாம். எக்ஸ்போர்ட் செக் கான்டெக்ஸ்ட் ஒரு டோக்கன் தரும், மறுபக்கம் இம்போர்ட் செய்துகொள்ளும். எக்ஸ்போர்ட் செய்த பிராசஸில் அந்த கான்டெக்ஸ்ட் அதோடு காலி. டோக்கனுக்குள் செஷன் சாவியே இருக்கலாம் என்பதால் அதே மெஷினுக்குள் யூனிக்ஸ் சாக்கெட் வழியே மட்டும் கொடுங்கள். டிஸ்கில் எழுதாதீர்கள், வேறு மெஷினுக்கு அனுப்பாதீர்கள். ஆனால் உங்கள் அளவு வேலைக்கு இது தேவையா என்பது சந்தேகம். ஒவ்வொரு கனெக்‌ஷனையும் ஒரே பிராசஸ் தொடக்கம் முதல் கடைசிவரை பார்த்துக்கொள்வதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று. மாதாந்திர பராமரிப்புக்கு மின்தடை விட்ட மறுநாள் எல்லோருக்குமே லாகின் ஆகவில்லை என்றால் புரோகிராமைத் தோண்டாதீர்கள். கெர்பெரோஸ் இயல்பாக 5 நிமிட நேர வித்தியாசம்வரைதான் பொறுக்கும். மதர்போர்டு பேட்டரி செத்த பழைய சர்வர் தப்பான நேரத்தோடு எழுந்திருக்கும். இரண்டு இடத்திலும் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி ஓடுகிறதா, டொமைன் கன்ட்ரோலரோடு நேரம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். மைனர் ஸ்டேட்டஸை (பிழையின் நுணுக்கமான காரண எண்) டிஸ்ப்ளே ஸ்டேட்டஸுக்குக் கொடுத்து லாக் ஃபைலில் எழுதியிருந்தால் காரணம் அங்கேயே இருக்கும். நீங்கள் இப்போது பொதுவான மேஜர் எண்ணை மட்டும்தான் எழுதுகிறீர்கள்.