பொன்னாடையைப் பார்த்துக் காணியை ஈடு வைக்க வேண்டாம்

புதுக்குடியிருப்பு அம்மாவுக்கு,

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் மகனின் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குக் காணாது என்ற உங்கள் கவலை விளங்குகிறது. அதற்காகக் கொழும்பில் தனியார் முகாமைத்துவப் பட்டத்துக்கு வயற்காணியை ஈடு வைப்பதா? வேண்டாம்.

டெலிகொம் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஊர்ச்சங்கம் பொன்னாடை போர்த்தியதிலிருந்து, மகனும் முகாமைத்துவப் பட்டம் எடுத்து அப்படி வர வேண்டும் என்று சொந்தக்காரர் விடுகிறார்கள் இல்லை. பொன்னாடை வேலைக்குப் பிறகு வருவது. டயலொக் தொலைபேசி நிறுவனத்தில் 1997இல் தலைமைப் பதவிக்கு வந்த ஹான்ஸ் விஜயசூரிய, 1994இல் அங்கே தொடக்க அணியில் சேர்ந்த பொறியியலாளர். முகாமைத்துவப் பட்டம் மட்டும் அந்தக் கதிரையைத் தந்துவிடாது.

அயலட்டத்து ரவுட்டரெல்லாம் மகன்தான் திருத்துகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகென்ன? இணையத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிளை இணைக்கும் பைபர் வேலையைப் பாருங்கள். முதலில் கண்ணைச் சோதியுங்கள்: இழைகளை 12 நிறங்களால்தான் பிரித்தறிவார்கள், நிறக்குருடு இருந்தால் இந்த வேலை சரிவராது. மேற்பூச்சோடு இழை 250 மைக்ரோன், உரித்தால் 125, ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9. ஒட்டைக் காக்க, சூட்டில் சுருங்கும் குழாயை முதலிலேயே கோர்த்துவிட வேண்டும். மறந்தால் ஒட்டியதை வெட்டித் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். பிறகு உரித்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, கிளீவர் என்ற வெட்டுக்கருவியில் செங்குத்தாக வெட்டி, ஸ்பிளைசர் என்ற ஒட்டும் இயந்திரத்தில் வைத்தால் மின்பொறி இரு முனைகளையும் உருக்கி இணைக்கும். நல்ல ஒட்டில் ஒளி இழப்பு 0.1 டெசிபெலுக்குள் நிற்கும். சோளகக் காற்றில் பறக்கும் புழுதி முனையில் பட்டால் ஒட்டில் குமிழ் விழும், ஆகவே மறைப்புக் கட்டித்தான் வேலை. வெட்டிய துண்டு தோலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு. மூடியுள்ள போத்தலில் போட வேண்டும். ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக இழைமுனைக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. வீட்டுச் சுவர் மூலையில் கேபிளை மடித்து அடித்தால் ஒளி கசியும். வந்துசேரும் ஒளியின் வலுவை அளக்கும் மீற்றர் −27 டிபிஎம்முக்குக் (ஒளிவலு அலகு) கீழே காட்டினால் இணைப்பு விட்டு விட்டுத்தான் வரும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின், இலத்திரனியல் பிரிவை விசாரியுங்கள். தொழிற்பயிலுநர் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைற்றாவில் பயிலுநர் இடமும் கேளுங்கள். எங்கே சேர்ந்தாலும் அந்தப் பாடநெறி மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, முடிவில் என்.வீ.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டச் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலே பார்த்துவிடுங்கள். நான்கிலிருந்து 5, 6 என ஏறி, இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் 7ஆம் மட்டத்தில் பட்டமும் எடுக்கலாம். பட்டம் எங்கும் ஓடிவிடாது.

வேலை எடுத்துத் தருகிறோம் என்று முற்பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உப ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தால் நியமனக் கடிதம், கம்பத்தில் ஏறப் பாதுகாப்புப் பட்டி, ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், மூன்றையும் முதல் நாளே தம்பி கேட்க வேண்டும்.