பட்டன் எங்கே, கோளாறு எங்கே? – கார் கேள்வி-பதில்

போனின் மேப்பையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவை கேபிள் போட்டுத்தான் பயன்படுத்துகிறேன். மேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கட் ஆகிறது. பள்ளத்தில் இறங்கினால் நிச்சயம் போய்விடும். கோளாறு போனிலா, காரிலா?

பள்ளத்தில் போகிறது என்றால் எங்கோ இணைப்பு ஆடுகிறது. இரண்டையும் விட்டுவிட்டு முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். போனோடு வந்த கேபிள் அல்லது டேட்டா போகும் தரமான கேபிள், ஒரு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அடுத்தது போனின் சார்ஜிங் துளை. சட்டைப் பையின் பஞ்சு அதில் அடைத்து அடைத்துக் கெட்டியாகிவிடும். பிளக் முழுதாக உள்ளே போகாமல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். போனை ஆஃப் செய்து, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, பின் வேண்டாம்.

காரில் இரண்டு மூன்று யூஎஸ்பி துளைகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் திரையோடு பேசும். மின்னல் குறி மட்டும் போட்டிருப்பது சார்ஜுக்கு.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால், போனின் ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் காரையும், கார் திரையில் போனையும் நீக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பழைய பதிவு மறுபக்கம் மிச்சமிருந்து மறுபடி வம்பு செய்யும். போனை ரீஸ்டார்ட் செய்து, வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் புதிதாக இணையுங்கள். பல கார்களில் முதல் இணைப்பு வண்டி ஓடும்போது நடக்காது. பேட்டரி சேவர் ஆஃபில் இருக்கட்டும்.

வயர்லெஸ்ஸுக்கு மாறும் யோசனை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ப்ளூடூத் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி, படமும் பாட்டும் வைஃபை வழியாகத்தான் போகின்றன. போனில் வைஃபையை அணைத்துவிட்டு 'கனெக்ட் ஆகவில்லை' என்பவர்கள் நிறைய.

மழையில் முன் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்கிறது. ஏசி போடச் சொல்கிறார் ஒருவர், ஹீட்டர் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பனி எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பதில் சொன்னதால்தான் இருவரும் முரண்படுகிறார்கள். வைப்பரை ஒரு முறை போடுங்கள். போய்விட்டால் வெளிப்பக்கம். போகவில்லை என்றால் உள்பக்கம்.

உள்பக்கம் என்றால், ஆட்களின் மூச்சும் நனைந்த துணியும் விட்ட ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. ரீசர்குலேஷனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் அந்த ஈரமும் சேர்ந்து சுற்றும். ஏசியையும் ஆன் செய்யுங்கள், வெப்பநிலையையும் கூட்டுங்கள். முரண்பாடு போலத் தெரியும், ஆனால் வேலை இரண்டாகப் பிரிகிறது: காற்றிலுள்ள ஈரம் ஏசியின் எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிரவைக்கும் பாகம்) நீராகி வண்டிக்கு அடியில் சொட்டிவிடும், அப்படி உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கினால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். ஆக, உங்கள் ஆலோசகர்கள் இருவர் சொன்னதும் பாதிப் பாதி சரி. முன் கண்ணாடிப் படம் போட்ட டிஃப்ராஸ்ட் பட்டன் பல கார்களில் இதையெல்லாம் ஒரே அழுத்தில் செய்யும்.

வெளிப்பக்கம் என்றால் கதை தலைகீழ். ஏசியின் குளிர்காற்று கண்ணாடியில் பட்டு, வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. வைப்பரால் துடைத்து, வெப்பநிலையை ஓரிரு டிகிரி ஏற்றி, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள்.

அடிக்கடி மூடுகிறது என்றால் கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் பனி சீக்கிரம் ஒட்டும். துடைத்தும் பிசுபிசுப்பு திரும்பி வந்து, இனிப்பு வாசனையும் அடித்தால் ஹீட்டருக்குச் சூடு தரும் பாகமான ஹீட்டர் கோரிலிருந்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. மெக்கானிக்கிடம் போக வேண்டும். முன்சீட்டின் காலடி மேட் ஈரமாக இருந்தால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம்.

இந்த டிஃப்ராஸ்ட் பட்டனைத் திரைக்குள் இரண்டு மெனு தாண்டி ஒளித்து வைக்கும் கார்களும் வந்துவிட்டன. இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றைத் திரைக்குள் புதைத்தால் 2026 முதல் ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனையான யூரோ என்கேப்பில் மதிப்பெண் குறையும். டிஃப்ராஸ்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கலாம் என்பது என் கட்சி.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஆட்டோ ஏசியை 'லோ'வில் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

குளிராது. 24 டிகிரியில் ஆட்டோ போட்டாலும், உள்ளே கொதிப்பு அடங்கும்வரை அது முழு மூச்சில்தான் ஓடும். 'லோ' என்பது எங்கே நிற்பது என்று சொல்லாமல் விடுவது மட்டுமே. கதவுக் கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள், அனல் வெளியேறட்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி ரீசர்குலேஷன் போடுங்கள். ஆனால் நீண்ட பயணம் முழுக்க அதிலேயே விடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஓட்டுபவருக்கு அசதி தட்டும். அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்று வேண்டும்.

பகலில் ஹெட்லைட் போட்டால் திரை மங்கிவிடுகிறது. பழுதா?

இல்லை. லைட் போட்டதும் இரவு என்று நினைத்துக்கொள்கிறது. டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோ பட்டனோ இருக்கும். அதைக் கடைசிவரை கூட்டினால் பல கார்களில் மங்கல் ரத்தாகும். இல்லாவிட்டால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'டே' மோடைத் தேர்ந்தெடுங்கள். இரவில் மறக்காமல் திருப்பி வையுங்கள், கண் கூசும்.

ப்ளூடூத்தில் பேசினால் எதிர்முனையில் ஒரே இரைச்சல் என்கிறார்கள். எனக்கு நன்றாகக் கேட்கிறது.

மைக் பெரும்பாலும் கூரை விளக்கின் அருகே சின்னத் துளைகளுக்குப் பின்னால் இருக்கும். ப்ளோயர் வேகத்தைக் குறைத்து, நடு வென்ட்டை மேல்நோக்கி இல்லாமல் திருப்பிவிட்டுப் பேசிப் பாருங்கள். சீட் கவர்காரர் கூரைத் துணி போட்டபோது அந்தத் துளைகளை மூடிவிட்டாரா என்றும் பாருங்கள்.

64 ஜிபி பென் டிரைவை கார் படிக்கவே இல்லை.

டிரைவ் கோப்புகளை அடுக்கும் முறை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும், அது காருக்குப் புரியவில்லை. பாட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்துவிட்டு ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் அந்தத் தேர்வைக் காட்டாமல் போகலாம். அப்போது 32 ஜிபி டிரைவ் வாங்குவதே சுலபம்.

காரை விற்கப்போகிறேன். திரையில் எதை அழிக்க வேண்டும்?

போனை நீக்கினால் போதாது. இறக்கிக்கொண்ட தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், மேப்பில் சேமித்த வீட்டு முகவரி எல்லாம் தங்கியிருக்கலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். முடியும்வரை இக்னிஷனை அணைக்காதீர்கள். திரை உறைந்தால் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து ரீஸ்டார்ட் செய்வோமே, அது வேறு. அதில் எதுவும் அழியாது. கார் கம்பெனியின் ஆப் வழியாகப் பூட்டு, ஏசி இயக்குபவராக இருந்தால் அந்தக் கணக்கிலிருந்தும் காரை நீக்குங்கள். ரீசெட் செய்தும் கணக்கு அப்படியே இருந்தால், விற்ற பிறகும் வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் போனில் தெரிந்துகொண்டிருக்கும். வாங்கியவருக்கு அவர் பெயரில் ஆப் திறக்காது.